ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

துளசிமணியின் சிறுநீரகம் ஒரு புதன்கிழமை காலையில் செத்துப்போனது. அந்த நேரத்தில் அவள் விடுதி உணவுக்கூடத்தில் உப்புமாவைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எங்கும் வலிக்கவில்லை.

செய்தி கொண்டுவந்தவன் அபிநந்தன். ஆய்வகத்திலிருந்து ஓடிவந்திருந்தான்.

“துளசி, உன்னுது போச்சு.”

“என்னது போச்சு?”

“குடுவை. கறுத்துப் போய்க் கெடக்கு. சத்தியமா நான் தொடவே இல்ல.”

அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

சுற்றுச்சூழல் பொறியியல் துறையின் தரைத்தளத்தில் அந்த நீண்ட அறை இருந்தது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிக் குடுவைகள். மூன்றாம் வருடம் தொடங்கும் நாளில் ஒவ்வொரு மாணவரின் கையிலிருந்தும் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். அதிலுள்ள உயிரணுக்களைக் காலத்தில் பின்னோக்கி நடத்திச் சென்று, எதுவாகவும் ஆகாத குழந்தைப் பருவத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சிறுநீரகமாக வளரச் சொல்வார்கள். சில வாரங்களில் புளியங்கொட்டை அளவில், இளஞ்சிவப்பாக ஒன்று குடுவைக்குள் மிதக்கும். அதற்கு மேல் அது மாணவரின் பொறுப்பு. சாயப்பட்டறைக் கழிவைச் சுத்திகரிக்க அவர்கள் வடிவமைத்த சிறு நிலையம் எதிர்ச்சுவரில் ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து வெளிவரும் தண்ணீரைத்தான் குடுவை குடிக்க வேண்டும். தண்ணீர் செறிவாகப் போவதால், குடுவைக்கு ஒரு வாரம் என்பது மனிதருக்கு ஒரு வருடம். பாடம் மூன்று பருவங்கள் நடக்கும். கிட்டத்தட்ட ஓர் ஆயுள்.

பாடத்தின் பெயர் ‘நீடித்த வளமும் சமூகப் பொறுப்பும்’. மாணவர்கள் குடுவைப் பேப்பர் என்றார்கள். அதற்கு எழுத்துத் தேர்வு கிடையாது. கடைசி நாளில் குடுவை உயிரோடு இருந்தால் தேர்ச்சி. அது மட்டுமல்ல. குடுவை பிழைத்த வடிவமைப்புக்கு அரசின் முத்திரை கிடைக்கும். முத்திரை கிடைத்தால் அந்த நிலையத்தைப் பெரிதாகக் கட்டலாம், அதன் தண்ணீரைக் குழாய் வழியாக வீட்டு அடுப்படி வரைக்கும் கொண்டுபோகலாம். அப்படிக் கட்டிய நிலையங்கள் மாநிலத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. தன்னுடைய சொந்தச் சிறுநீரகத்தைப் பணயம் வைத்து வடிவமைத்தவர் ஏமாற்ற மாட்டார் என்று ஜனங்கள் நம்பினார்கள். நம்பாமல் இருக்க அவர்களுக்குக் காரணமும் இல்லை.

துளசியின் குடுவை கறுக்கவில்லை, உண்மையில் சாம்பல் நிறத்தில் இருந்தது. மழைக்கால மேகத்திலிருந்து ஒரு துண்டைக் கிள்ளிப் போட்டதுபோல் அடியில் படிந்திருந்தது. பக்கத்துக் குடுவை அபிநந்தனுடையது. இருவரும் சேர்ந்து செய்த நிலையம் என்பதால் இரண்டு குடுவைகளுக்கும் ஒரே தண்ணீர். அபியின் குடுவையில் ‘குண்டன்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே குண்டன் செக்கச்செவேல் என்று இருந்தான். துளசியின் குடுவைக்குப் பெயர் இல்லை. பொட்டும் இல்லை.

“நீ பேருகூட வெக்கல பாரு,” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. “அதுக்கு ஏக்கமா இருந்திருக்கும்.”

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

துளசி விரலைக் குழாயின் மேல் வைத்தாள். ஒவ்வொரு குடுவையின் குழாயும் அதன் சொந்தக்காரரின் ரேகைக்கு மட்டும்தான் திறக்கும். பொறுப்பை இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது என்பது அந்தப் பாடத்தின் முதல் விதி. குழாய் பணிவாகக் கிளிக் என்றது. தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது.

*

பேராசிரியர் ரெபேக்கா ஞானமுத்து தன் அறையில் அவளுக்காகக் காத்திருந்தார். இந்தக் குடுவை முறையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். மேசையின் மேல், கோப்புகளுக்கு நடுவே, அவருடைய சொந்த உயிரணுவில் வளர்ந்த முதல் குடுவை நின்றது. நல்ல தண்ணீரே குடித்து, எத்தனையோ வருடங்களாக உயிரோடிருந்தது. துறையில் எல்லோரும் அதை மூத்தவள் என்று அழைத்தார்கள். புதிதாகச் சேரும் மாணவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

“உக்காரும்மா. சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன் மேம்.”

“பொய்.” பிஸ்கட் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். “அபியோட குடுவையும் உன்னுதும் ஒரே தண்ணிதானே?”

“ஒரே குழாய் மேம். கடைசியிலதான் ரெண்டாப் பிரியுது.”

“அப்ப தண்ணியில கோளாறு இல்ல. பராமரிப்புல உனக்கு மார்க்கே இல்லியே. ஒரு ஞாயித்துக்கிழமகூட நீ லேப்புக்கு வரல.”

“சனிக்கிழம அப்பாவுக்கு டயாலிசிஸ் மேம். ஊருக்குப் போயிருவேன். அவரைக் கூட்டிட்டுப் போய்ட்டு, மறுநாள் வீட்டு வேலையும் பாத்துட்டுத் திரும்ப ஞாயிறு சாயங்காலம் ஆயிரும்.”

ரெபேக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்லப் போவதை நினைத்துத் தயங்குகிறார் என்று தெரிந்தது.

“கொறங்காட்டூர்தானே உங்க ஊரு?”

“ஆமா மேம்.”

“சின்ன வயசுலேர்ந்து அந்த போர் தண்ணிதான். சாயம் எறங்கின தண்ணி. அதோட பாதிப்பு உன் உயிரணுவுக்குள்ள எங்கியோ தங்கியிருக்கும்னு நெனக்கிறேன். அதனாலதான் உன் குடுவை தாங்கல. உன் தப்பு இல்லம்மா. உன் தோழி யாராச்சும் ரத்தம் குடுத்தா, அடுத்த வருஷம் புதுக் குடுவை போட்டுக்கலாம். ஒரு வருஷம் போகும். அவ்வளவுதான்.”

“எங்க டிசைனு?”

“அது பிழைச்சிரும். அபியோட குடுவை போதும். முத்திரைக் குழு கூடினதும் உங்க ஊர்லயே கட்டப்போறாங்க. உனக்குச் சந்தோஷமா இருக்க வேணாமா?”

சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் அவள் இங்கே வந்தாள். கொறங்காட்டூருக்கு ஆற்றுத் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வரும். மற்ற நாளெல்லாம் போர் தண்ணீர்தான். அவளுடைய நிலையம் வந்தால் தினமும் குடிதண்ணீர் வரும். ஆற்றுத் தண்ணீர் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்படும் என்று குழு முன்பே சொல்லியிருந்தது. இனி கொறங்காட்டூர் குடிக்கப் போவது அவளுடைய தண்ணீரை மட்டும்தான்.

வெளியே வந்தபோது அவள் நினைப்பு முழுக்கத் தன் முதுகில் இருந்தது. விலாவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒளிந்திருந்த இரண்டும் இப்போது என்ன நிறத்தில் இருக்கும்? அவள் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினாள், தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

மறுநாள் பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த மருத்துவமனையில் எல்லாப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்தாள். டாக்டர் தாளைப் புரட்டிவிட்டுத் தலையை ஆட்டினார்.

“கிட்னி ரெண்டும் ஜோரா இருக்கு. எதுக்கு வந்தே?”

“ஊர்த் தண்ணி சரியில்ல. அதான் பயந்துட்டேன் டாக்டர்.”

“இங்க ஹாஸ்டல்லதானே இருக்கே? பயப்படாம நல்லா தண்ணி குடி.”

மருந்து வாசனையடித்த நடைபாதையில் அவள் வெகு நேரம் நின்றாள். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்குள்ளேயே ஒரு கேள்வி எழுந்தது. ரத்தத்தில் கோளாறு இல்லை, தண்ணீரிலும் கோளாறு இல்லை என்றால், அது எதனால் செத்தது?

*

அந்த வாரம் அவள் ஊருக்குப் போகவில்லை. சித்தப்பா மகனிடம் அப்பாவைக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துக் குடுவை செத்ததைச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. அம்மா ஒவ்வொரு முறையும் “உன்ற குடுவ எப்படியிருக்குது?” என்று பேரப்பிள்ளையை விசாரிப்பதுபோல விசாரிப்பாள்.

அதனால்தான் முதல்முறையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தைப் பார்த்தாள்.

கல்யாண வீடு மாதிரி இருந்தது. எண்ணெய் வைத்துக் குளித்த தலையோடு பெண்கள் வந்தார்கள். பையன்கள் லுங்கியிலேயே வந்தார்கள். யாரோ பாட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக விரலை வைத்து, நிலையத்தின் குழாயை மூடி, நல்ல தண்ணீர்க் குழாயைத் திறந்தார்கள். “குடிடா செல்லம், இன்னிக்கு உனக்கு லீவு,” என்றான் அபி. குண்டனுக்கு முன்னால் ஒரு குட்டி விசிறிகூட வைத்திருந்தான்.

இந்த வழக்கம் துளசிக்குத் தெரியாதது அல்ல. முதல் வகுப்பினர் ஆயுத பூஜைக்குக் குடுவைகளுக்குப் பொட்டு வைத்தார்களாம். பூஜை போட்ட பொருளை அன்றைக்கு வேலை வாங்கக் கூடாது என்பதால் கழிவுத் தண்ணீரை நிறுத்தி நல்ல தண்ணீர் விட்டார்களாம். அடுத்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் பரவியது. பிறகு பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்ஜான். செய்முறைப் புத்தகத்திலேயே ‘ஓய்வு நாள்’ என்று ஒரு பகுதி சேர்ந்தது. குடுவையைப் பரிவோடு பார்த்துக்கொள்வதற்குத் தனி மதிப்பெண். தன்னால் அது முடியவில்லையே என்று துளசி இத்தனை நாளும் குற்ற உணர்ச்சியோடுதான் இருந்தாள். குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர மறந்துபோகிற தாய்க்கு இருப்பது மாதிரி.

அன்று அவளுக்கு வேறு வேலை இல்லை. ஒவ்வொரு குடுவையாக நுண்ணோக்கியில் பார்த்தாள். காலையில் எல்லாம் வெளிறி, வீங்கி, ஓரங்களில் சாம்பல் பூத்து இருந்தன. அவளுடையது சாவதற்கு முந்தைய வாரங்களில் இருந்த அதே சாம்பல். மதியம் வந்து பார்த்தாள். வீக்கம் வடிந்திருந்தது. சாயங்காலம் மறுபடி பார்த்தபோது எல்லாம் சிவந்து, புத்தம் புதிதாக, திங்கட்கிழமைக்குத் தயாராக இருந்தன.

அபி கான்டீனில் பரோட்டா பிய்த்துக்கொண்டிருந்தான். அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

“குண்டனுக்கு இதுவரைக்கும் எத்தன லீவு விட்டிருக்கே?”

“எல்லா ஞாயித்துக்கிழமையும். அப்பறம் பண்டிகை. ஏன், அவன் சம்பளத்தப் புடிக்கப் போறியா?”

“ஒரு வாரம்னா ஒரு வருஷம். வாரத்துல ஒரு நாள்னா எவ்வளவு?”

அவன் மென்றபடியே யோசித்தான். “அம்பது நாள் சொச்சம்.”

“வருஷத்துக்கு அம்பது நாள் அவன் நல்ல தண்ணி குடிக்கிறான். செத்தது எல்லாம் அந்த அம்பது நாள்ல திரும்ப வளந்துக்குது. அதான் உயிரோட இருக்கான். எங்க ஊர்ல அந்த அம்பது நாளும் யாரு எங்க போய்க் குடிப்பாங்க? தண்ணிக்கு ஞாயித்துக்கிழம உண்டா அபி?”

அவன் பரோட்டாவைக் கீழே வைத்தான்.

“உன்னுதுக்கு உன் ஊர் ரத்தம்னு மேம் சொன்னாங்களே.”

“ரத்தம் நல்லாத்தான் இருக்கு. டெஸ்ட் எடுத்தாச்சு. எனக்கும் உனக்கும் ஒரே தண்ணி. நான் லீவு விடல. நீ விட்டே. வித்தியாசம் அவ்வளவுதான்.”

“இத எல்லாரும்தானே பண்றோம்? மேனுவல்லயே இருக்கே.”

“அதைத்தான் நானும் சொல்றேன். மேனுவல்லயே இருக்கு. இதுவரைக்கும் முத்திரை வாங்குன ஒவ்வொரு நிலையத்துக்கும் இப்படித்தான்.”

அபி குரலைத் தாழ்த்தினான். “என்னை வேலைக்கு எடுத்ததே இந்த டிசைனைப் பாத்துதான். வீட்ல சொல்லியாச்சு. எங்கப்பா தெரு முழுக்க லட்டு குடுத்துட்டாரு, துளசி.”

“எங்கப்பா லட்டு சாப்பிடக் கூடாது. தண்ணியே அளந்துதான்.”

அவன் தலையைத் தூக்கவே இல்லை.

*

ரெபேக்கா முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். வெளியே சத்தம் ஒன்றும் இல்லை.

“அந்த மேனுவலை எழுதினது நான்,” என்றார். “மொத பேட்ச் பசங்க குடுவைக்குக் குங்குமம் வெச்சதப் பாத்து எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அதுக்கு முன்னால எத்தன வருஷம் கத்தியிருப்பேன் தெரியுமா, நீங்க ஓட்டுற தண்ணியோட அந்தக் கடைசியில ஒரு ஆளு இருக்குன்னு. எவனும் காதுல வாங்கல. அன்னிக்கு ஒரு பொட்டைப் பாத்ததும், பாடம் ஏறிடுச்சு, இதுங்களுக்குப் பரிவு வந்துருச்சுன்னு நெனச்சேன்.”

“பரிவு வந்துச்சு மேம். ஆனா குடுவை மேல வந்துச்சு.”

அவர் அவளையே பார்த்தார். தன்னை அடித்துவிட்டவளைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு மேசையிலிருந்த மூத்தவளை இரண்டு கையாலும் தூக்கினார். ஆய்வகத்துக்கு நடந்தார். துளசியின் வெற்றுக் குடுவை இருந்த இடத்தில் மூத்தவளை வைத்து, அதே குழாயில் மாட்டி, தன் விரல் ரேகையைப் பதித்தார்.

“இதுக்கு லீவு கிடையாது. எனக்கும் உன் ரத்தத்துக்கும் சம்பந்தம் இல்ல. கொறங்காட்டூரை நான் மேப்புலதான் பாத்திருக்கேன். இது பிழைச்சா நீ சொல்றது தப்பு.”

“பிழைக்கலன்னா மேம்?”

“பிழைக்கலன்னா நான் இருவது வருஷமா தப்பு.”

அந்தப் பருவம் முழுக்க அந்தக் குடுவை அங்கே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்கள் வந்து தங்கள் குழாய்களை மாற்றும்போது அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள். ரெபேக்கா மாலை வேளைகளில் வந்து அதன் முன் நின்றுவிட்டுப் போவார். ஒருமுறை அவர் கை நல்ல தண்ணீர்க் குழாய்வரை போனதைத் துளசி பார்த்தாள். விரல் அதன் மேல் பட்டது. பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பியபோது மூத்தவள் அடியில் சாம்பலாகப் படிந்திருந்தாள். துறைத் தலைவர் வந்து பார்த்தார். யாரோ ஒரு பெண் அழுதாள். அபி தலையைக் குனிந்துகொண்டு குண்டனின் விசிறியை அணைத்தான்.

*

முத்திரைக் குழு தலைநகரில், குளிரூட்டப்பட்ட அறையில், நீண்ட மேசையைச் சுற்றிக் கூடியது. தலைவர் ஆதிகேசவன் நல்ல மனிதர். துளசியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து “தைரியமா பேசும்மா,” என்றார். ஒவ்வொருவர் முன்னாலும் மூடியிட்ட தண்ணீர் பாட்டில் இருந்தது.

ரெபேக்கா எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மெழுகவில்லை. ஓய்வு இல்லாத குடுவை சாகிறது, ஓய்வு பெற்ற குடுவை பிழைக்கிறது, ஊருக்கு ஓய்வு இல்லை, எனவே நாம் கொடுத்த முத்திரைகள் எல்லாம் பொய் என்று முடித்தார். கடைசிச் சொல்லில் அவர் குரல் உடைந்தது.

ஆதிகேசவன் விரல்களைக் கோத்துக்கொண்டார்.

“மேடம், ஓடிக்கிட்டிருக்கிற நிலையங்களை மூடிட்டா அந்த ஊர்க்காரங்க நாளைக்கே என்ன குடிப்பாங்க?”

அவர் தன் முன்னாலிருந்த பாட்டிலை ஓரமாக நகர்த்தினார்.

“ஆத்துத் தண்ணி எல்லாத்தையும் வேற ஊருக்குத் திருப்பியாச்சு. திரும்பக் குடுன்னா அவங்க விடுவாங்களா? நான் உங்களைக் கொற சொல்லல. உங்க ஆராய்ச்சி ரொம்ப முக்கியமானது. யோசிச்சுப் பாருங்க, வாரத்துல ஒரு நாள் ஓய்வு குடுத்தா சிறுநீரகம் தன்னைத்தானே சரிபண்ணிக்குதுன்னு நீங்கதானே இப்ப நிரூபிச்சிருக்கீங்க?”

“ஆமா, ஆனா...”

“அப்ப ஊருக்கும் ஓய்வு குடுத்துருவோம்.”

ரெபேக்கா கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தார்.

“ஞாயித்துக்கிழம நிலையத்த நிறுத்திருவோம். அன்னிக்கு ஊருக்கு லாரியில நல்ல தண்ணி. எல்லா ஊருக்கும். குடுவைக்கு என்ன உண்டோ அது ஊருக்கும் உண்டு. நியாயம்தானே?”

மேசையைச் சுற்றி எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் முகத்தில் உண்மையான நிம்மதி இருந்தது. துளசி எழுந்தாள்.

“சார், ஊருக்கு லீவு விடறீங்களா?”

“அப்படியே வெச்சுக்கம்மா,” என்று ஆதிகேசவன் அன்பாகச் சிரித்தார். “லீவு வேண்டாம்னு சொல்ற ஒரே மாணவி நீதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். ரெபேக்கா சிரிக்கவில்லை. ஆனால் தீர்மானம் சுற்றி வந்தபோது கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும் ரயிலில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “ஒண்ணுமே இல்லாததுக்கு ஒரு நாள் இருக்கட்டும்மா,” என்றார். அந்த வருடக் கடைசியில் பணியிலிருந்து விலகிக்கொண்டார். அபி வேலைக்குப் போனான். கொறங்காட்டூரில் நிலையம் கட்டினார்கள்.

துளசிமணிக்கு இரண்டாவது குடுவை கொடுத்தார்கள். அவளுடைய சொந்த ரத்தத்திலேயே வளர்ந்தது. இந்தமுறை அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தவறவிடவில்லை. சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிப்போய் வந்து, ஊரில் படுத்து, ஞாயிறு காலை ஏழரைப் பேருந்தைப் பிடித்தால் ஒன்பது மணிக்கு ஆய்வகத்தில் விரலை வைத்துவிடலாம். ஊருக்கும் லாரி வருகிறது, குடுவைக்கும் குழாய் திறக்கிறது, இப்போது இரண்டும் ஒன்றுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குடுவை சிவப்பாக இருந்தது. இன்னும் ஒரு பருவம் அப்படியே இருந்தால் பட்டம்.

லாரி எட்டு மணிக்குத்தான் வரும். அதனால் அதை அவள் பார்த்ததே இல்லை.

*

ஆயுத பூஜை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை லாரி சீக்கிரமே வந்துவிட்டது. பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று காய்ந்து முகப்பில் தொங்கியது. தெருவே குடங்களோடு கூடிநின்றது. சண்டை இல்லை. வரிசையாக, கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோலப் பிடித்தார்கள்.

துளசி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. எதிர்வீட்டு ராசாத்தாளக்கா தளும்பத் தளும்ப இரண்டு குடத்தைத் தூக்கிப் போனாள்.

“ஏனுங்க்கா, இது ஒரு நாளைக்குக் காணுங்களா?”

“இதையெங்க அம்முணி குடிக்கறது? புள்ள பிரசவத்துக்கு வந்திருக்கறா. அவளுக்குத்தான்.”

அடுத்த வீட்டில் சொந்தபந்தம் யாராவது ஒறம்பரையாக வந்தால் கொடுப்பதற்காக எடுத்துவைக்கிறார்கள். கோடி வீட்டு மணியகாரர் மாப்பிள்ளை வரும் நாளுக்கு வைத்திருக்கிறாராம். இன்னொருத்தர் சிரித்துக்கொண்டே, “என்ற மாட்டுக்குங்க அம்முணி, அது இந்த மெசின் தண்ணிய மோந்துட்டுத் திரும்பிக்குது,” என்றார். யாருமே தனக்கென்று பிடிக்கவில்லை.

துளசி திரும்பி வீட்டுக்குள் போனாள். அடுப்படி மூலையில் மூன்று எவர்சில்வர் குடங்கள், வெள்ளைத் துணியால் வாய்கட்டி, வரிசையாக இருந்தன. அம்மா நான்காவதைக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா சென்னியப்பன் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, என்னது இது? நீ குடிக்கறதில்லயா?”

“குடிக்காம என்ன. உங்கப்பனுக்கு ஒரு டம்ளரு குடுப்பேன். அவுருக்கு அதுக்கு மேல ஆகாதே.”

“நீ?”

“எனக்கென்ன கண்ணு, பழகிப்போச்சு.” அம்மா முடிச்சை இறுக்கினாள். “உன்ற குடுவைக்கு ஞாயித்துக்கெழம நல்ல தண்ணி வேணும்னியே. டவுன்ல தண்ணிக்கு அப்படி ராவடியாமா, கெடைக்கறதே இல்லைனு டீவில சொல்றான். ஒரு நாளைக்கு அங்க இல்லாம போச்சுன்னா என்ன பண்ணுவே? அதான் எடுத்து வெச்சிருக்கறேன். ஒரு கொடம் இப்பக் கொண்டு போ. பஸ்ஸுல ஏத்தி உட்டர்றேன்.”

“அது ஒரு புளியங்கொட்ட சைஸ் இருக்கும்மா. அதுக்கு ஒரு கொடமா?”

“பச்ச உசுரு கண்ணு. நம்மளாட்டமா? அது தாங்காது.”

துளசி குடத்தின் மேல் கையை வைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது. முக்குக் கடையருகே ஏழரைப் பேருந்து ஹாரன் அடித்தது. கொறங்காட்டூரில் அது ஒருமுறை அடித்து, கொஞ்சம் நின்று, கிளம்பிவிடும்.

“ஓடு, பஸ்ஸு வந்திருச்சு!” அம்மா குடத்தைத் தூக்கினாள். “ஏன் கண்ணு நிக்கறே?”

துளசி பையைத் தோளிலிருந்து கழற்றி ஆணியில் மாட்டினாள். குடத்தை அம்மாவின் இடுப்பிலிருந்து வாங்கிக் கீழே வைத்து, துணியை அவிழ்த்தாள்.

“நீ போகாட்டி அதுக்கு ஆரு தண்ணி மாத்தறது?”

“ஆரும் இல்லம்மா.”

“அது செத்துப்போச்சுன்னா?”

“போன தடவ மாதிரிதான்.”

“உனக்குப் படிப்பு முடியாதே கண்ணு. அடுத்த ஞாயித்துக்கெழமயாச்சும் போவியல்லொ?”

“இல்லம்மா. இந்த ஊரு குடிக்கறதத்தான் அதுவும் குடிக்கோணும்.”

பேருந்து கிளம்பிப் போகும் சத்தம் தெருவைக் கடந்து தேய்ந்தது. கட்டிலில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஒரு உசுர இப்படியா தனியாத் தவிக்க உட்டுட்டு உக்காருவாங்க? உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?”

துளசி டம்ளரில் தண்ணீரை மொண்டு அவளிடம் நீட்டினாள்.

“குடி.”

“எனக்கெதுக்கு...”

“குடிம்மா.”

அம்மா வாங்கினாள். மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு மடக்கு குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“சப்புனு இருக்குது கண்ணு. உப்பே இல்ல.”

துளசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெருவில் லாரி பின்னோக்கி நகர்ந்து, காய்ந்த வாழைக்கன்று ஆட, அடுத்த தெருவுக்குத் திரும்பியது. அவள் மறுபடி திரும்பிப் பார்த்தபோது, அம்மா டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு சொட்டுச் சிந்தாமல் குடத்துக்குள் ஊற்றி, வெள்ளைத் துணியை எடுத்து அதன் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.